பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்!

காலை எட்டு மணி. மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துகிறாள். அழுத்திவிட்டுக் குளிக்கப் போகிறாள். குளித்துத் தலை துவட்டி வந்து பார்க்கிறாள்.

திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டு இருக்கிறது!

கம்ப்யூட்டர் வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆன வீடுகளில் இது பழகிப்போன காட்சி. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "பழசு சார். புதுசு வாங்கிடுங்க" என்கிறார்.

புதியது என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் ஆகிறது. சில வீடுகளில் அது பல மாதச் சேமிப்பு. சில வீடுகளில் அது அடகுக் கடைக்குப் போகும் வளையல்.

அந்தச் செலவு தேவைதானா? பல வீடுகளில் தேவை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். காசு ஒன்றும் வேண்டாம்.

வயது குற்றம் அல்ல

வயதானால் கம்ப்யூட்டரின் வேகம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டுக்கு வயதானால் நடை தளரும். மனிதனுக்கும் அப்படியே. கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் சில்லுக்கு அப்படி இல்லை. வாங்கிய அன்று ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, ஏறக்குறைய அத்தனை கணக்கை இன்றும் போடும்.

மாறியது அதன் முதுகில் ஏறிய சுமை.

சுமையை ஏற்றியது யார்? வீட்டில் உள்ளவர்கள்தான். ஆனால், தெரியாமல் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் சேர்க்கும் புரோகிராம்களில் பல, உள்ளே வரும்போதே ஒரு தந்திரம் செய்கின்றன. "கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் என்னையும் எழுப்ப வேண்டும்" என்று பெயர் கொடுத்து வைத்துவிடுகின்றன. பாட்டுக் கேட்கும் புரோகிராம், படம் பார்க்கும் புரோகிராம், வெளிநாட்டு மாமாவுடன் பேசும் புரோகிராம், எப்போதோ வாங்கிய பிரிண்டரின் புரோகிராம். பிரிண்டர் கெட்டுப்போய்ப் பரணில் கிடக்கும். அதன் புரோகிராம் மட்டும் தினமும் காலையில் தவறாமல் வேலைக்கு வந்துவிடும்!

பத்துப் பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? நெரிசல்தான். அந்த நெரிசலைத்தான் மகள் சுற்றும் வட்டமாகப் பார்க்கிறாள்.

இதை நிறுத்துவது எளிது. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் 'கன்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பெட்டி திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால், அடியில் உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்ற எழுத்தைத் தொட வேண்டும். பிறகு 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். காலையில் தானாக எழும் அத்தனை பேரின் பட்டியலும் அங்கே இருக்கும். யாரால் எவ்வளவு தாமதம் என்பதும் பக்கத்திலேயே எழுதி இருக்கும். 'ஹை' என்று இருந்தால் அவர்தான் பெரிய ஆசாமி.

வேண்டாத பெயரைத் தொட்டு, 'டிஸேபிள்' என்பதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது இல்லை. இதனால் அந்தப் புரோகிராம் அழிந்து போகாது. கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. ஆனால் வைரஸ் தடுப்பு, ஒலி, தமிழ் தட்டச்சு ஆகியவற்றின் புரோகிராம்களை விட்டுவிட வேண்டும். இன்னது என்று விளங்காத பெயரையும் தொடாமல் இருப்பது நல்லது.

சமையல் மேடையும் பரணும்

கம்ப்யூட்டரில் சாமான் வைக்கும் இடம் இரண்டு உண்டு. ஒன்று 'ராம்'. இன்னொன்று 'ஹார்டு டிஸ்க்'.

ராம் என்பது சமையல் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது பரண். மேடையில் இருக்கும் உப்பையும் புளியையும் கை நீட்டி எடுத்துவிடலாம். மேடை நிறைந்துவிட்டால்? ஒவ்வொன்றுக்கும் ஏணி போட்டுப் பரண் ஏற வேண்டும். குழம்பு எப்போது கொதிக்கும்?

கம்ப்யூட்டருக்குள் நடப்பது இதேதான். ராம் நிறைந்ததும், அது சாமான்களைச் சத்தம் இல்லாமல் பரணுக்கு மாற்றுகிறது. வேண்டும்போது மறுபடி இறக்குகிறது. பழைய லேப்டாப்களில் உள்ள ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு. அதில் வெவ்வேறு இடங்களில் கிடப்பவற்றை எடுக்க, அதன் ஊசி முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒரு நொடிக்கு நூறு இடத்துக்குக் கூட அதனால் ஓட முடியாது. கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களுக்கு இது ஆமை வேகம்.

மேடையை அதிகம் அடைப்பது எது? இணையம் பார்க்கும் புரோகிராம். அதில் ஒரு பக்கம் திறந்தால் கொஞ்சம் இடம். இருபது பக்கம் திறந்து வைத்தால்? நேற்றுப் பார்த்த சினிமா விமர்சனமும் முந்தாநாள் பார்த்த சேலை விலையும் இன்றைய விண்ணப்பத்தின் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். பார்த்து முடித்த பக்கத்தை மூடிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். இது பலருக்குத் தெரியாது. இரவில் 'ஷட் டவுன்' கொடுத்து நிறுத்துகிறோமே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பெரும்பாலும் 'ஷட் டவுன்' முழு ஓய்வு அல்ல. மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்று, விண்டோஸ் தன் உட்பகுதியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறது. பழைய கோளாறு இருந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கம்ப்யூட்டர் தவழும்போது முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

பரண் நிறைந்தாலும் சங்கடம்தான். 'செட்டிங்ஸ்' என்பதில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' என்று போனால், எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தெரியும். அங்கே 'டெம்பரரி பைல்ஸ்' என்ற குப்பையைக் கூட்டித் தள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். அதில் குறி போட்டுவிடக் கூடாது! மகளின் மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அதற்குள்தான் கிடக்கும். குப்பையோடு அதுவும் போய்விடும்.

மெத்தை மேல் லேப்டாப்பை வைப்பதும் தவறு. அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். சூடு ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேஜை மேல் வைக்க வேண்டும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷால் துளைகளில் உள்ள தூசியைத் தட்ட வேண்டும். ஈரத் துணி கூடாது.

செல்போனிலும் அதே பக்கம் மெதுவாகத்தான் வருகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டர் மேல் குற்றம் இல்லை. இணைய இணைப்பில்தான் கோளாறு.

உள்ளே இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். கல்யாணப் போட்டோக்களை உடனே வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போகலாம். சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சுற்றாத 'எஸ்.எஸ்.டி.' போட்டுத் தரச் சொல்லலாம். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

இலவசம் என்று வரும் வலை

மகள் விண்ணப்பம் போட்டுக்கொண்டு இருக்கும்போது திரையில் திடீர் என்று ஒரு பெட்டி குதிக்கிறது. "உங்கள் கம்ப்யூட்டரில் 1,200 கோளாறுகள்! இங்கே தொட்டால் இலவசமாகச் சரி செய்கிறோம்!" என்கிறது. சில பெட்டிகள் சைரன் ஊதுகின்றன. பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டு, ஒரு டெலிபோன் நம்பரும் கொடுக்கின்றன.

இவை மோசடி. தொட்டால், வேகம் கூட்டுவதாகச் சொல்லி இன்னொரு சுமை ஏறும். போன் செய்தால், பேசுகிறவன் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்தே தன் கைக்குள் கொண்டுவரப் பார்ப்பான். பிறகு பாங்கிக் கணக்கில் கை வைப்பான். மைக்ரோசாப்ட் நிறுவனம், தன் எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் இருப்பதே இல்லை என்று தெளிவாகச் சொல்லி இருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

வைரஸ் தடுப்பு புரோகிராமைக் காசு கொடுத்து வாங்கினால்தான் பாதுகாப்பு என்பதும் இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிபெண்டர்' என்ற காவலாளி சம்பளம் இல்லாமல் இருக்கிறார். காலம் முடிந்துபோய், "பணம் கட்டு, பணம் கட்டு" என்று தினமும் நச்சரிக்கும் வேறு காவலாளியை நீக்கிவிட்டால், டிபெண்டர் தானே வேலைக்கு வந்துவிடுவார்.

கம்பெனி கைவிட்டால்?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015-ம் ஆண்டு. அதற்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறு என்றது. ஆனால் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வது இல்லை. நன்றாக ஓடும் வண்டிக்கு இனிமேல் சாலையில் இடம் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது. நியாயம் அல்ல.

இதற்கும் காசு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. இன்று உலகமே சேர்ந்து வளர்க்கிறது. 'லினக்ஸ் மின்ட்' என்ற வகையில் 'எக்ஸ்.எப்.சி.இ.' என்ற இலகுவான உருவம், 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பிலும் நன்றாக நடக்கும். முதலில் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்றலாம். ஏற்றும் முன் போட்டோக்களையும் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்திவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிது அல்ல. 2011-ம் ஆண்டில் தமிழக அரசு பிளஸ்-2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலை இல்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். வேலை நடந்தது சென்னையில். வீட்டுக்கே வந்த அந்த விருந்தாளியைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என்ன என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. லேப்டாப் மெதுவானதும் மூலையில் வைத்துவிட்டார்கள்.

அதே தவறு மறுபடி நடக்கக் கூடாது. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் என்று அரசு அறிவித்தது. கொடுப்பது நல்ல காரியம். பெட்டிக்குள் ஒரு தாளும் இருக்க வேண்டும். தானாக எழும் புரோகிராமை நிறுத்துவது எப்படி, குப்பையைக் கூட்டுவது எப்படி, எந்தப் பெட்டி குதித்தால் தொடக் கூடாது என்று, பெரிய எழுத்தில், தமிழில்.

பழைய லேப்டாப் வைத்திருக்கும் வீடுகளுக்கு அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் அறைகளை ஒரு சனிக்கிழமை திறந்து விடலாம். பெற்றோர் தங்கள் லேப்டாப்பை எடுத்து வரட்டும். பிளஸ்-2 கம்ப்யூட்டர் பாடம் படிக்கும் பிள்ளைகளே சரி செய்து கொடுத்துவிடுவார்கள். அதை ஏப்ரல் மாதத்தில் வைத்தால், கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும் முன் வேலை முடிந்துவிடும்.