பீட்டன் அம்மணி எழுதின கணக்கு

விக்டோரியா காலத்து இங்கிலாந்து சமையல் புத்தகம்னு சொன்னா நமக்குக் கொட்டாவிதான் வரும். ஆனா இசபெல்லா பீட்டன் 1861-ல் வெளியிட்ட வீட்டு நிர்வாகப் புத்தகத்தை ஒரு பேங்க்காரன் கண்ணால பாருங்க, விஷயமே வேற.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் என்னென்ன சாமான், எவ்வளவு நேரம், சுமாரா என்ன செலவு, எத்தனை பேருக்குக் காணும், எந்த சீசனில் கிடைக்கும்னு எல்லாம் தனித்தனியா இருக்கும். வேலையாட்களுக்கான வருஷச் சம்பளப் பட்டியலும் உண்டு. வீட்டுச் செலவை அன்னன்னிக்கே எழுதி வைக்கணும்ங்கறதில் அம்மணி ரொம்பக் கறார். பி.காம்.ல எங்களுக்குக் காஸ்டிங்னு சொல்லிக்கொடுத்தது இதைத்தானே! முதல் வருஷமே 60,000 பிரதி வித்துச்சு.

முக்கால்வாசி குறிப்பு அவங்களோடது இல்லைன்னு ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மைதான். 1845-ல் எலைசா ஆக்டன் எழுதின புத்தகத்திலிருந்து பேர் சொல்லாமலே நிறைய எடுத்திருக்காங்க. அது தப்புதான். ஆனா அத்தனையையும் திரட்டி, விலை போட்டு, வரிசைப்படுத்தினது பெரிய உழைப்பு.

எனக்கு உறுத்தறது அதுக்கப்புறம் நடந்தது. 1865-ல், நாலாவது பிரசவத்துக்குப் பின் வந்த ஜுரத்தில் அம்மணி இறந்துட்டாங்க. வயசு 28. மறுவருஷம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி நிதி நிறுவனம் திவாலாச்சு. அதில் அடிபட்ட கணவர் சாமுவேல், தன் புத்தகங்களோட உரிமையை வார்ட் லாக் பதிப்பகத்துக்குக் கொடுத்துட்டார். அதில் இதுவும் போச்சு. அம்மணி பேரிலேயே புதுப்புதுப் பதிப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கால இங்கிலாந்தில் மனைவி சம்பாதிச்சாலும் அது கணவர் சொத்து. 1870, 1882 சட்டங்கள் வந்துதான் அது மாறிச்சு.

நமக்குச் சட்டம் பிரச்னையே இல்லை, பழக்கம்தான் பிரச்னை. டிரான்ஸ்ஃபர்னு ஊர் ஊரா போறோம். தங்கமணி வேலையை விட்டுட்டு, பாஷை தெரியாத ஊரில் குடித்தனத்தை நிமிர்த்தறாங்க. ஆனா எஃப்.டி. யார் பேர்ல? கவுன்ட்டரில் நான் பார்க்கிற பாதிப் பேருக்கு மனைவி வெறும் நாமினி. நாமினின்னா பணத்தை வாங்கிக்கலாம், அவ்வளவுதான். அதனால மட்டும் அவங்க சொந்தக்காரர் ஆயிடமாட்டாங்க.

மளிகைக் கணக்கு எழுதற கைக்கு பேங்க் கணக்கிலும் பேர் இருக்கணும். ஜாயின்ட் கணக்கு ஒண்ணு, அவங்க பேரில் மட்டும் தனியா ஒண்ணு. இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க. என்ன சொல்றீங்க?