உக்கிராணத்துச் சாவி



கல்யாண வீட்டில் உக்கிராணம் என்று ஓர் அறை உண்டல்லவா? அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் எல்லாம் அங்கேதான் இருக்கும். சாவியை வைத்திருப்பவருக்கு அந்தச் சரக்கு சொந்தமல்ல. ஆனால் யாருக்கு எவ்வளவு, எந்த வேளைக்கு என்று அளந்து கொடுப்பது அவர் பொறுப்பு. கடைசியில் கணக்கும் ஒப்பிக்க வேண்டும்.

தமிழ் வேதாகமத்தில் லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் எஜமான் கணக்குக் கேட்கிற ஆளுக்கு உக்கிராணக்காரன் என்றுதான் பெயர். இதை வைத்தே 'உக்கிராணத்துவம்' என்று சபைகளில் பிரசங்கம் செய்வார்கள். காணிக்கை, தசமபாகம் என்று பேச்சு போகும்போது, இது ஏதோ ஆண்கள் சமாசாரம் என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். எனக்கென்னவோ, இது நம் சமையலறைக்கென்றே பிறந்த வார்த்தை என்று படுகிறது.

நான் வாழ்க்கைப்பட்டு இடையஞ்சாவடிக்கு வந்த அன்று என் அத்தை முதலில் காட்டியது, அடுப்படியில் இருந்த ஒரு மண்கலயத்தைத்தான். அத்தை பிறந்தது மரக்காணம் பக்கம். சிறு வயதில் உப்பளத்தில் வேலை செய்தவர். தையில் தொடங்கினால் புரட்டாசி வரை உப்பு வேலை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளம்; கூலி கிடையாது. வெயில் நாளில் வருகிற காசில் மழை நாளுக்கும் பங்கு உண்டு என்பதை அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி வளர்ந்த அத்தை, உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். "மிச்சம் இருந்தா போடலாம்னு நெனச்சா, என்னிக்கும் மிச்சம் இருக்காதும்மா" என்பார். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்.

இந்தப் பிடி அரிசிக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்மவர் காணிக்கையிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்று 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றவர். 1912-ல் தோர்ணக்கலின் பேராயரானார். அங்கே பரம ஏழைப் பெண்களும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். மிசோரம் பெண்கள் 1910-லிருந்து இப்படிச் செய்கிறார்கள். காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னார். எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன? பிடி அளக்கிறது பெண்ணின் கைதான்!

இனி என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது படியேறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். இரத்தம் சோதித்தார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-ஆவது இருக்க வேண்டும். எனக்கு 8-க்கும் கீழே! "வீட்ல எல்லாரும் சாப்பிட்டப்புறம் என்ன சாப்பிடுவே?" என்று நர்ஸம்மா கேட்டார். "இருக்கிறதை" என்றேன். அடிச்சட்டிச் சோறும் ரசமும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத் தியாகம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கலயத்தைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். "கடவுளுக்கு முதல் பிடி எடுத்து வெக்கிறே. அவர் குடுத்த ஒடம்புக்கு மட்டும் கடைசிச் சுரண்டலா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

லூக்கா 12-ல், வேலைக்காரருக்கு வேளாவேளைக்குப் படி அளப்பவனையே இயேசு நல்ல விசாரணைக்காரன் என்கிறார். யோசித்துப் பாருங்கள், அவனும் அந்த வீட்டு வேலைக்காரரில் ஒருவன்தானே? அவனுக்கும் படி உண்டு. தன்னைப் பட்டினி போட்டுவிட்டுச் சாவியை யார் கையில் கொடுப்பான்?

என் மகள் 2 கிலோ 300 கிராம் எடையில் பிறந்தாள். இரண்டரைக் கிலோவாவது இருந்திருக்க வேண்டும். இன்று நன்றாக ஓடியாடுகிறாள், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் என் கணக்கில் அந்த 200 கிராம் துண்டு விழுந்தது விழுந்ததுதான்.

இது என் ஒருத்தி கதையல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை.

ஆகவே சகோதரிகளே, எல்லாருக்கும் பரிமாறும்போதே உங்கள் தட்டிலும் கீரை, பருப்பு, இருந்தால் முட்டை, மீன் என்று வைத்துவிடுங்கள். பிறகு உட்கார்ந்தாலும் பங்கு இருக்கும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். களைப்பைக் "கிடக்கட்டும்" என்று தள்ளாதீர்கள்.

கலயம் இன்றும் என் அடுப்படியில் இருக்கிறது. முதல் பிடி அதற்கு. ஆனால் இப்போதெல்லாம், நான் சாப்பிட உட்காருகிறவரை அத்தை தன் தட்டில் கை வைப்பதில்லை.