பூவன்று, செண்டு!

பொருளின் இயல்பறிந்து இடப்பெறும் பெயரே கற்பார்க்கு விளக்காகும். இயல்பு காட்டாப் பெயர் சுமையாகும். நிலைத்திணை நூலில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

சூரியகாந்தி எனப் பலரும் வழங்கும் பொழுதுவணங்கியை நாம் ஒரு பூ என்கின்றோம். அஃது ஒரு பூவன்று. விளிம்பில் இதழ்போல் நீண்டு தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவட்டத்தில் நெருங்கி நிற்பனவும் சிறுபூக்களே. காம்பின்றி ஒரே தட்டில் அமர்ந்து, புறத்திருந்து உள்நோக்கி அவை அடுத்தடுத்து மலர்கின்றன. செவ்வந்தியும் இவ்வினமே. கடம்பும் தொட்டாற்சுருங்கியும் வேற்றினத்தனவேனும், அவற்றின் பூக்களும் இங்ஙனமே செறிந்து உருண்டை வடிவு கொள்வன. கடப்ப மலரைத் திருமுருகாற்றுப்படை தேருருளோடு ஒப்பிட்டதும் இவ்வடிவு நோக்கியே.

இச்செறிந்த பூத்தொகுதியை மேலை நூலார் 'கேப்பிட்டுலம்' என்பர். இலத்தீனத்தில் அதற்குச் 'சிறுதலை' என்பதே பொருள். தலையைக் குறிக்கும் எளிய சொல்லினின்றே அவர்கள் கலைச்சொல் அமைத்தனர். நாமோ பூத்தொகுதிக்கு 'மஞ்சரி' என்னும் வடசொல்லைப் பாடநூலில் ஏற்றி வைத்தோம். பூவை அறியுமுன் அயற்சொல்லை உருப்போடுவது மாணாக்கன் தலைவிதியோ?

தமிழில் சொல் இல்லையா? கொத்து, துணர், குலை, இணர் எனச் சொற்கள் நிரம்பக் கிடக்கின்றன. இவற்றுள் 'இணர்' பூத்தொகுதிக்குப் பொதுச்சொல்லாகத் தகும். செறிந்த தொகுதிக்கோ, நம் உழவர் நாவிலேயே சொல் உள்ளது, அது 'செண்டு'. பந்தும் செண்டு, இறுகக் கட்டிய பூக்கட்டும் செண்டு. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட மஞ்சட்பூச் செடியொன்று நம் ஊர்களுக்கு வந்தபோது, மக்கள் எவரிடமும் பெயர் இரவல் வாங்கினாரல்லர். செறிவைக் கண்டனர், 'செண்டுப்பூ' என்றனர். கன்னடரும் அதனைச் 'செண்டு ஹூவு' என்றே வழங்குகின்றனர். கல்லாதார் எனப்பட்டோர் கண்ணாற் கண்டு ஆக்கியதைக் கற்றார் ஏன் கைவிட வேண்டும்?

ஆகவே கேப்பிட்டுலத்தைச் 'செண்டிணர்' என்க. பொழுதுவணங்கியது தட்டைச் செண்டிணர், கடம்பினது உருட்செண்டிணர். சொல்லைக் கேட்ட அளவிலேயே சிற்றூர்ச் சிறுவனுக்கும் பொருள் விளங்கும். ஆசிரியர் இன்றே வகுப்பில் வழங்கலாம். எவர் இசைவும் வேண்டுவதில்லை.

கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதாரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த 650ஆம் குறளில் அவர் ஆண்ட சொல்லும் 'இணர்' என்பதே. தமிழ் கற்றோரே, அவ்வொப்புமை நமக்குப் பொருந்தாதிருக்கட்டும்!