வேலை முடிந்தது, பணம் வரவில்லை: துணைக் குத்தகையாளர் என்ன செய்யலாம்?

"எனக்கே இன்னும் மேலேயிருந்து பணம் வரல. வந்ததும் தந்துடறேன்."

சிங்கப்பூரில் துணைக் குத்தகை எடுத்துச் செய்பவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. ஓடு பதித்தாயிற்று, மின்கம்பி இழுத்தாயிற்று. ஊழியர்களின் சம்பளத்தையும் தீர்வையையும் மாதந்தோறும் கட்டியாக வேண்டும். செய்த வேலைக்கு மட்டும் பணம் வந்தபாடில்லை.

அந்தப் பதில் சட்டத்தின் முன் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டுமானத் துறையில் செய்த வேலைக்குப் பணம் கிடைப்பதை உறுதிசெய்யும் சட்டம் 2005 ஏப்ரல் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும் அந்த நிபந்தனைக்கு வலு இல்லை.

எப்படிக் கேட்பது?

முதலில், செய்த வேலையையும் தொகையையும் விவரித்து எழுத்துவழி கோரிக்கை அனுப்புங்கள். எதிர்த்தரப்பு அதிகபட்சம் 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். ஒப்பந்தத்தில் கெடு ஏதும் இல்லையென்றால் 14 நாள்.

பதில் வரவில்லையா? அல்லது தொகையை மறுக்கிறார்களா? பேசித் தீர்க்க 7 நாள் அவகாசம் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால், அடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அது நியமிக்கும் நடுவர், விசாரணை தொடங்கியபின் பொதுவாக 14 நாளில் முடிவைச் சொல்லிவிடுவார்.

முடிவு பிடிக்காத தரப்பு பிறகு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அதுவரை பணத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. முதலில் பணம், பிறகு வாதம். அதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி.

எங்கே சறுக்குகிறார்கள்?

பெரும்பாலும் நாள்கணக்கில்தான். 'கேட்டால் அடுத்த வேலை கிடைக்காதே' என்ற தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. அதற்கும் சட்டம் இடம் தருகிறது. வேலையைக் கடைசியாகச் செய்த நாளிலிருந்து 30 மாதம்வரை கோரிக்கை அனுப்பலாம். ஆனால் அனுப்பிவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பேச்சை நம்பி அந்த 7 நாளைக் கோட்டை விட்டால், புதிய கோரிக்கையுடன் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். வழக்கறிஞரிடம் போனால் அவர் முதலில் தேதிகளைக் கேட்பது அதனால்தான்.

எதிர்த்தரப்புக்கும் இதே பாடம்தான். உரிய நேரத்தில் பதில் தராவிட்டால், வேலையில் குறை இருந்தது என்ற வாதத்தை நடுவரிடம் புதிதாக எழுப்ப முடியாது.

யாருக்குப் பொருந்தாது?

வீவக வீட்டில் சமையலறையைப் புதுப்பிப்பது போன்ற, கட்டட அனுமதி தேவைப்படாத வீட்டு வேலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 20,000 வெள்ளி வரையிலான அத்தகைய பூசல்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை.

அடுத்த வேலையை எடுக்குமுன் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோரிக்கை அனுப்பும் அன்றே நாள்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துவையுங்கள்: பதில் வரவேண்டிய நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள்.