கலப்பும் கலப்படமும்

மொழிபெயர்ப்பில் பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை. சின்னச் சொற்கள்தான் காலை வாரிவிடும். பிரெஞ்சு ஒயின் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது 'கலப்பு ஒயின்' என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்ப்பவர் தாளோடு வந்து நின்றார். "சார், கலப்படமா?"

கேள்வி நியாயமானதுதான். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று பார்த்துப் பழகிய நமக்குக் கலந்தது எதுவுமே சந்தேகத்துக்குரியது.

பிரான்சின் தெற்கே, அவிஞோனுக்கு அருகில் சாத்தோநெஃப்-து-பாப் என்று ஓர் ஊர். 'போப்பின் புதுக்கோட்டை' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் போப்புகள் அவிஞோனில் இருந்தபோது 22ஆம் ஜான் இங்கே கோட்டை கட்டினார். இந்த ஊர் ஒயினில் 13 வகைத் திராட்சைகள் சேரலாம். நிறபேதங்களைத் தனித்தனியே எண்ணினால் 18.

சிவப்பு ஒயினில் முக்கியமானவை மூன்று. கிரெனாஷ் இனிப்பு மிகுந்த பழம். ஒயினுக்கு வீரியமும் வழவழப்பும் தருகிறது. ஆனால் தோல் மெல்லியது, நிறம் போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பது சிரா. கருஞ்சிவப்பு நிறம், கூடவே மிளகு வாசனை. இது ரசிகர்களின் கற்பனை அல்ல. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் சிராவிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மூன்றாவது மூர்வேத்ர். தாமதமாகப் பழுப்பது, துவர்ப்பு மிக்கது. ஒயின் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்தத் துவர்ப்பை, வாழைப்பூ தின்று வளர்ந்த நாக்குக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விவசாயிக்கு இந்தக் கலவை ஒரு இன்ஷூரன்ஸும்கூட. ஒன்று முன்னால் பழுக்கும், இன்னொன்று பின்னால். ஒரே மழையில் எல்லாம் போய்விடாது. வெயில் ஏறிவரும் இந்தக் காலத்தில் கிரெனாஷின் சர்க்கரையும் ஏறி, ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுவது சகஜமாகிவிட்டது. அதைத் தனியே விடாமல் பிடித்து நிறுத்தத் துணை தேவைப்படுகிறது.

அங்கே கலப்படம் இல்லையா? இருந்தது. பக்கத்து லாங்தோக் பகுதியில் அபரிமிதமான விளைச்சலோடு, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த போலி ஒயினும் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. 1907 ஜூனில் மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அம்மாத இறுதியில் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 1923இல் சாத்தோநெஃப் விவசாயிகள், லெ ருவா என்ற பிரபுவின் முன்முயற்சியில், எந்த மண், எந்தத் திராட்சை, குறைந்தது எவ்வளவு ஆல்கஹால் என்று தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். 1936இல் ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

ஊரறியச் சேர்த்தால் கலப்பு. ஒளித்துச் சேர்த்தால் கலப்படம். இந்த வித்தியாசத்துக்காக அங்கே உயிரே போயிருக்கிறது. நாம் ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் மெனக்கெடலாம்.

கடைசியில் 'கூட்டு ஒயின்' என்று மாற்றினேன். மெய்ப்புப் பார்ப்பவர் படித்துவிட்டுக் கேட்டார்: "பொரியலும் உண்டா சார்?"