ஐ.சி.யூ. வாசல் விலை

கத்தரிக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் காய்கறிக்காரரோடு மல்லுக்கு நிற்கிற நாம், ஐ.சி.யூ. வாசலில் மட்டும் வாயே திறப்பதில்லை. நர்ஸ் ஒரு சீட்டை நீட்டுவார். 'கீழே பார்மஸியில வாங்கிட்டு வந்துருங்க.' ஓடுகிறோம். பில்லைப் பார்க்கக்கூடத் தோன்றாது. உள்ளே படுத்திருப்பது அப்பாவோ அம்மாவோ.

அந்தச் சீட்டில் அடிக்கடி இருக்கும் பெயர் மெரோபெனம். கடுமையான தொற்றுக்கு நரம்பு வழியாக ஏற்றுகிற ஆன்டிபயாடிக். பெரியவர்களுக்கு வழக்கமாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு கிராம். பத்து நாள் என்றால் 30 குப்பி. குப்பிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 30,000 ரூபாய் காலி. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம்!

இத்தனைக்கும் இது ஒன்றும் புது மருந்து இல்லை. அமெரிக்காவிலேயே 2010-ல் காப்புரிமை முடிந்துவிட்டது. நம்மூரில் ஏகப்பட்ட கம்பெனிகள் இதைத் தயாரித்து விற்கின்றன. போட்டியில் விலை சரிந்திருக்க வேண்டுமே என்பீர்கள். சரிந்திருக்கிறது சார், ஆஸ்பத்திரி வாங்குகிற விலை! நீங்கள் கொடுக்கிற விலைதான் இறங்கக் காணோம்.

ஏனென்றால் மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். எம்.ஆர்.பி.யைக் கூட்டி அச்சடித்து, ஆஸ்பத்திரிக்குக் குறைத்துக் கொடுக்கிற கம்பெனிக்குத்தான் அலமாரியில் இடம். நானாகக் கதை விடவில்லை. 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களைத் துருவியது. மருந்து, சிரிஞ்ச் வகையறாக்களில் 1,737 சதவிகிதம் வரை லாபம்! ஆஸ்பத்திரிகளின் நெருக்குதலால்தான் விலை உப்புகிறது என்றும் சொன்னது. ஆனால், எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லையே? சட்டப்படி எல்லாம் சுத்தம்.

'அரசாங்கம்தான் விலையைக் கட்டுப்படுத்துதே?' 2022-ல் மெரோபெனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது, வாஸ்தவம். உச்சவரம்பை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? சந்தையில் ஒரு சதவிகிதத்துக்குக் குறையாமல் விற்கும் பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரி, அதன் மேல் 16 சதவிகிதம். 2013-ம் வருட ஆணை இது. தயாரிக்க என்ன செலவு என்று 1995-ம் வருட ஆணையாவது கேட்டது. இது கேட்பதே இல்லை. இன்னொரு வித்தையும் உண்டு. மெரோபெனத்தோடு சல்பாக்டம் சேர்த்து விற்றால் அது பட்டியலுக்கு வெளியே. வருடா வருடம் 10 சதவிகிதம் ஏற்றிக்கொள்ளலாம்.

'மலிவு மருந்து வேலை செய்யுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான பயம்தான். பதில் நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து ஜெனரிக் மருந்துகளை டெண்டரில் வாங்கி, பேட்ச் பேட்ச்சாக லேபில் சோதித்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. 2011-ல் ராஜஸ்தான் இதைப் பார்த்துத்தான் தன்னுடையதை ஆரம்பித்தது. ஜி.ஹெச்.சில் பிழைத்து வருகிறவர்கள் உடம்பில் ஏறியது இந்த மருந்துதான்.

மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025-ல் வந்த முதல்வர் மருந்தகம் எல்லாம் சுகர், பிரஷர் மாத்திரைக்கு உபகாரம். ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ. சீட்டோடு எங்கே போய்க் கதவைத் தட்டுவது?

ஆஸ்பத்திரி பார்மஸியிலேயே வாங்கச் சொல்லும் கட்டாயம் பற்றிய வழக்கில், மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். பந்து நம் கோட்டைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அரசு டெண்டரில் வாங்குகிற விலையைத் தனியார் ஆஸ்பத்திரி பார்மஸி வாசலில் கொட்டை எழுத்தில், தமிழில், ஒட்டச் சொல்லுங்கள். போதும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். நீங்களாக மருந்தை மாற்றிவிடாதீர்கள். டாக்டரிடம், 'இதே மருந்து வேற கம்பெனியில குறைச்ச விலைக்கு இருக்கா டாக்டர்?' என்று கேளுங்கள். முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.