ஆயிலில் ஜரிகை

ஜரிகை, ஆரணிப் பட்டில் மின்னினால் அழகு. ஆர்.எக்ஸ். 100 கியர் ஆயிலில் மின்னினால் செலவு!

1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. "டூ ஸ்ட்ரோக்தானே ஸார், ஆயில் டேங்க் ஃபுல்லா இருக்கே" என்கிறார் ஆபீஸ் நண்பர். அட, அது இன்ஜினுக்கு! கியருக்குத் தனி ஆயில். யாரும் விசாரிக்காத தாத்தா மாதிரி அடியில் கிடக்கும்.

இன்ஜின் சூட்டோடு அதை இறக்கி, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பார்ப்பேன். மையாக அரைத்த சாம்பல் பொடியா? வயசுத் தேய்மானம், புது ஆயில் போதும். பால் விட்ட டீ நிறமா? தண்ணீர் புகுந்தாச்சு. வெட்டிப்போட்ட நகம் மாதிரி இரும்புத் துணுக்கா? பல் போச்சு! மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள். துணுக்கு சிக்கி, வேலூர் ரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால்... பின்னால் லாரி வருமே!

ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கியர் தானே நழுவுகிறதா? கிளட்ச் கேபிளை டைட் பண்ணிப் பிரயோஜனமில்லை. பிரித்தே ஆகணும்.